ராஜாவுக்கு முன்னால் மந்திரி

பாலக்காடு
9-6-1957

மரியாதைக்குரிய சைனுதீன் மாமாவுக்கு மருமகள் ரம்லா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே அத்தா, அம்மா, தம்பி, நான் எல்லோரும் இறைவன் அருளால் சுகம். மாமியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இதை அம்மா கேட்கச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. "எழுதறதா இருந்தா முழங்காலையும் கேளு" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

இந்த வீட்டிலிருந்து கடிதம் வந்தது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கௌலத் அக்கா கல்யாணத்துக்கு அத்தா உங்களுக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பினார். தாய்மாமனை வீடேறி வந்து அழைக்காத கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று நீங்கள் நின்றுவிட்டீர்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷமாக ஒரு அட்டைகூடப் போனதில்லை, வந்ததில்லை. போன வாரம் குடைக்கம்பி ஏஜண்ட் நம் கடைக்கு வந்தார். வண்டிப்பெரியாற்றில் உங்கள் பலசரக்குக் கடையில் டீ குடித்தாராம். "எங்க மச்சான் சதுரங்கத்தையெல்லாம் மறந்திருப்பாரு" என்று நீங்கள் சிரித்தீர்களாம். அதைக் கேட்டதிலிருந்து அத்தா குடைக்குத் துணி தைக்கும்போது ஊசியைக் கையில் குத்திக்கொண்டே இருக்கிறார்.

நேற்று பலகையை எடுத்து வைத்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தபால்லயே ஆடலாம். தோத்தவன் ஜெயிச்சவன் ஊட்டுப் படி ஏறணும். அதுல யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்ல."

தன் கையால் உங்களுக்கு எழுதமாட்டாராம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும். உங்கள் பதிலைத் தொடவும் மாட்டாராம். நகர்த்தலை மட்டும் நான் படித்துச் சொல்லவேண்டும். முதல் நகர்த்தல்: ராஜாவின் முன் நிற்கும் காலாள் இரண்டு கட்டம்.

மாமிக்கு என் சலாம்.

தங்கள் மருமகள்
ரம்லா

●

வண்டிப்பெரியாறு
16-6-1957

அன்பு மருமகள் ரம்லாவுக்கு மாமாவின் துஆ. மாமியின் முழங்கால் மழைக்கு முன்னால் மழையைச் சொல்லிவிடுகிறது. மற்றபடி சுகம். உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது. உன் அத்தாவின் கையெழுத்தில் வந்திருந்தால் நான் பலகையில் வைத்திருப்பது காலாளா கழுதையா என்று தெரிந்திருக்காது. இதை அவருக்குப் படிக்காதே.

நிபந்தனை சம்மதம். இங்கே எஸ்டேட் கணக்குப்பிள்ளை ஏசுரத்தினம் என்று திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நேரே என் கடைக்கு வந்து பலகை முன் உட்கார்ந்துவிடுவார். இந்த ஆட்டத்துக்கு அவர்தான் சாட்சி. யோசனை சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மூச்சை மட்டும் பலமாக விடுகிறார்.

என் பதில்: அதே காலாள், எதிரே இரண்டு கட்டம்.

உன் அம்மா சரியாகச் சாப்பிடுகிறாளா? இங்கே ஓயாத மழை. கடைக்குள் அட்டைப்பூச்சி வந்துவிடுகிறது.

சைனுதீன்

●

பாலக்காடு
24-6-1957

மதிப்பிற்குரிய மாமாவுக்கு ரம்லாவின் சலாம். எல்லோரும் நலம். தம்பிக்கு மட்டும் ஜலதோஷம். அம்மா சரியாகத்தான் சாப்பிடுகிறாள். உங்கள் கடித உறையை முகர்ந்து பார்த்து, "ஏலக்கா மூட்டை மேல வெச்சு எழுதியிருக்காரு" என்றாள். அது நிஜமா?

இரண்டாவது நகர்த்தல்: ராஜாவின் பக்கத்து ஆனைக்கு முன் நிற்கும் காலாள், இரண்டு கட்டம்.

உங்கள் காலாள் இதைச் சும்மா வெட்டிவிடலாமே என்று அத்தாவிடம் சொன்னேன். "வெட்டட்டும். வெட்டறதுக்குத்தான் வெச்சிருக்கேன்" என்றார். மறுநாள் எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் சதுரங்கம் பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகம் அகப்பட்டது. அட்டை கிழிந்து, யாரும் எடுக்காமல் கிடந்தது. இந்த ஆட்டத்துக்கு அதில் கேம்பிட் என்று பெயர் போட்டிருக்கிறது. ஆரம்பத்திலேயே ஒரு காலாளைப் பலி கொடுத்து, அதற்குப் பதிலாக வழியும் வேகமும் வாங்கிக்கொள்வது. டீச்சரிடம் கேட்டுக் கேட்டுப் படித்துவிட்டு வந்து அத்தாவிடம் சொன்னேன். "பேரு வெக்கறதுக்கு முன்னாடியே நான் ஆடிட்டிருக்கேன்" என்றார். ஆனால் அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கேம்பிட், கேம்பிட் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமி முழங்காலுக்கு அம்மா ஒரு தைலம் அனுப்ப நினைக்கிறாள். அத்தாவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

தங்கள் மருமகள்
ரம்லா

●

வண்டிப்பெரியாறு
4-8-1957

அன்பு ரம்லாவுக்கு மாமாவின் துஆ. நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும். ஆறு வாரமாக நகர்த்தலை மட்டும் எழுதிய அட்டைகளே போய்வருகின்றன. இன்று கொஞ்சம் விரிவாக எழுதவேண்டியிருக்கிறது.

காலாளை வெட்டினேன். அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன். உன் அத்தாவின் படை என் வாசலுக்கு வந்துவிட்டது.

போன அட்டையில் 'ஆனை நாலாம் வரிசைக்கு' என்று எழுதியிருந்தாய். நானும் ஏசுரத்தினமும் அதை வைத்து ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோம். பாலக்காட்டில் மூலையில் நிற்பது தேர், சாய்வாகப் போவது ஆனை, ராஜாவை ஒட்டி நிற்பது மந்திரி. இங்கே எல்லோரும் தெற்குப் பக்கத்து ஆட்கள். அவர்களுக்கு மூலையில் நிற்பதுதான் ஆனை, சாய்வாகப் போவது மந்திரி, ராஜாவை ஒட்டி நிற்பது ராணி. இத்தனை வருஷத்தில் எனக்கும் அந்தப் பேர்களே வாயில் வருகின்றன. உங்கள் மந்திரி எங்களுக்கு ராணி, எங்கள் மந்திரி உங்களுக்கு ஆனை. குழப்பம் வரக்கூடாது. அதனால் இனிமேல் எந்தக் காய் என்பதோடு, அது எந்தக் கட்டத்திலிருந்து புறப்படுகிறது என்பதையும் எழுது. மறந்துவிடாதே.

என் நகர்த்தலைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். தைலம் அனுப்பவேண்டாம் என்று சொல். கேட்டதே போதும்.

சைனுதீன்

●

பாலக்காடு
19-8-1957

மதிப்பிற்குரிய மாமாவுக்கு ரம்லா சலாமுடன் எழுதுவது. நலம். உங்கள் நலமும் மாமி நலமும் அறிய ஆசை.

உங்கள் ராணி நடு வரிசையில் நேரே வந்து அத்தாவின் ராஜாவுக்குச் செக் கொடுத்ததைப் படித்துச் சொன்னேன். அத்தா கவலைப்படவே இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்தார். இன்னும் நாலைந்து நகர்த்தலில் ஆட்டம் முடிந்துவிடும் என்றும், சைனுதீன் வந்தால் எந்த அறையில் படுக்க வைப்பது என்று இப்போதே யோசிக்கவேண்டும் என்றும் சொன்னார்.

பிறகு என் தலையை வாரும்போது யார் தோற்பார்கள் என்று அம்மா கேட்டாள். மாமா என்றேன். சீப்பு நின்றுவிட்டது. "உங்க அத்தா தோத்தா நாம போவோம்னு இருந்தேன். எங்க அண்ணன் ஊட்டு அடுப்பு எந்தப் பக்கம் பாத்து இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது" என்றாள். உங்கள் வீட்டுக்கு அம்மா ஒருமுறைகூட வந்ததில்லை என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

அத்தா சொன்ன நகர்த்தல்: ராஜாவுக்கு முன்னால் மந்திரி.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

தங்கள் மருமகள்
ரம்லா

●

வண்டிப்பெரியாறு
8-9-1957

ரம்லாவுக்கு மாமாவின் துஆ. எல்லோரும் சுகம். பதில் தாமதமாகிவிட்டது. கடையில் சரக்கு வந்த சமயம்.

சாய்வாக என் வாசலைக் குறிபார்த்து நின்ற மந்திரி பின்வாங்கி வந்து ராஜாவுக்கு முன் நிற்பதைப் பலகையில் வைத்துவிட்டேன். காலாளைக் கொடுத்து வாங்கிய வழியை மச்சான் தானே அடைத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இனி எனக்குப் பயமில்லை. என் ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்புகிறேன்.

சைனுதீன்

●

பாலக்காடு
15-9-1957

மாமாவுக்கு ரம்லாவின் சலாம். உடம்புக்கு எல்லோரும் சுகந்தான்.

உங்கள் நகர்த்தலைப் படித்தேன். அத்தா மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு முதல்முறையாக உங்கள் கடிதத்தைத் தன் கையில் வாங்கித் தானே படித்தார். அவர் நகர்த்தியது ராஜாவை ஒட்டி நிற்கும் மந்திரியை. ஆனை அங்கேயே குறிபார்த்து நிற்கவேண்டும் என்பதுதான் அவர் ஆட்டமே.

"இதே தெருவுல பொறந்தவன். மந்திரின்னா எதுன்னு அவனுக்குத் தெரியாதா? தோக்கப் போறோம்னதும் மலைக்காரன் ஆயிட்டானா?" என்றார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் கேட்டார்கள்.

அம்மா உள்ளிருந்து, அண்ணன் அப்படிச் செய்யமாட்டார் என்றாள். அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா என்று அத்தா கேட்டார். பிறகு அத்தா என் பக்கம் திரும்பி என்ன எழுதினாய் என்றார். "நீங்க சொன்னதத்தான்" என்றேன். "பாருங்க, எழுதினது எம் மக. படிச்ச புள்ள" என்று கடையில் இருந்தவர்களிடம் சொன்னார்.

காய்களைத் துணியில் முடிந்து பரணில் போட்டுவிட்டார். ஆட்டத்தில் ஏமாற்றுகிறவன் வீட்டு வாசலை இனி யாரும் மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா சமைக்கிறாள், பரிமாறுகிறாள், பேசுவதில்லை. இதையெல்லாம் உங்களுக்கு எழுதும்படி யாரும் சொல்லவில்லை.

ரம்லா

●

வண்டிப்பெரியாறு
29-9-1957

அன்பு மருமகள் ரம்லாவுக்கு மாமாவின் துஆ. இறைவன் அருளால் சுகம். கீழே எழுதியிருப்பதை உன் அத்தாவுக்குச் சத்தமாகப் படி. கடையில் ஆட்கள் இருந்தால் இன்னும் நல்லது.

மச்சானுக்கு. பாலக்காட்டில் மந்திரி எது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மலைக்காரர்களின் மந்திரியை நகர்த்தினேன். தோற்கப்போவது தெரிந்துவிட்டது, அதனால் செய்தேன். இது ஏமாற்று. ஆட்டம் உங்களுடையது. பேச்சுப்படி உங்கள் வீட்டுப் படி ஏற வருகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அங்கே இருப்பேன்.

இது உனக்கு மட்டும். நீ அத்தா சொன்னபடிதான் எழுதினாய். உன்மேல் ஒரு குறையும் இல்லை. நன்றாகப் படி.

சைனுதீன்

●

பாலக்காடு
20-10-1957

மரியாதைக்குரிய மாமாவுக்கு ரம்லா சலாமுடன் எழுதுவது. நீங்கள் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்த அட்டை கிடைத்தது. மாமிக்குச் சுகமா?

நீங்கள் இங்கே இருந்த இரண்டு நாளும் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். அத்தா வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மச்சான், ஆட்டத்துல ஏமாத்திப் பிடிபட்டு, நேரே வந்து ஒத்துக்கிட்டவரு" என்று உங்கள் தோளைத் தட்டித் தட்டிச் சொன்னார். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். நீங்களும், "எங்க மச்சான்கிட்ட எதுவும் செல்லுபடியாகாது" என்று சொன்னீர்கள்.

நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குச் சோறு போடும்போது அவள் உங்கள் தட்டை மட்டுமே பார்த்தாள். நீங்கள் பேசினால் கரண்டியைப் பார்த்துப் பதில் சொன்னாள். புறப்படும்போது வாசல்வரை வந்தவள், நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். அண்ணன் அப்படிச் செய்யமாட்டார் என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள் அவள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மாமா, எந்தக் கட்டத்திலிருந்து என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் மறக்கவில்லை. முதல் தாளில் 'ராஜாவை ஒட்டிய கட்டத்திலிருந்து' என்று எழுதியும்விட்டேன். அப்புறம் அதைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். உங்கள் ஊர் மந்திரியாக எடுத்துக்கொண்டால் அத்தா தோற்பார், அம்மா மலைக்கு வருவாள் என்று நினைத்தேன். அத்தா சொன்ன வார்த்தையை மாற்றவில்லையே, அதனால் பொய் இல்லை என்றும் நினைத்தேன். உங்களை ஏமாற்றுக்காரர் என்று சொல்வார்கள் என்பதை நினைக்கவே இல்லை.

அத்தாவிடம் சொல்லிவிடட்டுமா? வகுப்பில் பாடம் தலையில் ஏறுவதில்லை.

ரம்லா

●

வண்டிப்பெரியாறு
30-10-1957

என் செல்ல மருமகளுக்கு மாமாவின் துஆ. மாமி உனக்கு உப்பிட்ட மிளகு அனுப்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சுகம்.

நீ கிழித்த தாளைப் பற்றி நான் அப்போதே ஊகித்தேன். அவ்வளவு ஒழுங்காக எழுதுகிறவள், அந்த ஒரு முறை மட்டும் கட்டத்தை விட்டுவிட்டாயே. ஆனால் நான் சொன்னதும் பொய் இல்லை. உன் கடிதம் ஒரு வாரத்துக்கு மேல் என் கடைப் பெட்டியில் இருந்தது. எந்தக் காய் என்று உன்னைக் கேட்டு எழுதியிருக்கலாம். ஏசுரத்தினமும் அதையே சொன்னார்: "கேட்டு எழுதும்யா, ஒரு அட்டைதானே." நான் கேட்கவில்லை. எனக்கும் உன் அத்தா இங்கே வந்து படி ஏறவேண்டும் என்று ஆசை. உன்னை நானும் பயன்படுத்திக்கொண்டேன், ரம்லா. பெரியவன் செய்தது அது. ஆகவே எனக்குக் கிடைத்த பெயர் எனக்கு உரியதுதான்.

அத்தாவிடம் சொல்லாதே. சொன்னால் அவர் என்னிடம் வருத்தம் தெரிவிக்கவேண்டி வரும். அது அவருக்கு வராது. வராததால் மறுபடி கதவைச் சாத்திவிடுவார். என்னை ஏமாற்றுக்காரனாக வைத்துக்கொண்டால் அவரால் என்னோடு பிரியமாக இருக்க முடிகிறது. இருக்கட்டும்.

உன் அம்மா என் தட்டைப் பார்த்தது எனக்கும் தெரிந்தது.

சைனுதீன்

●

பாலக்காடு
24-11-1957

மரியாதைக்குரிய மாமாவுக்கு ரம்லாவின் சலாம். நாங்கள் சுகம். மாமியின் மிளகு வந்து சேர்ந்தது.

நீங்கள் சொல்லாதே என்றது அத்தாவிடம். நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உங்கள் பேச்சைத் தட்டியதாகுமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் யாரோ உங்கள் பேரை எடுத்தபோது அம்மா எழுந்து உள்ளே போனாள். அதற்கு மேல் முடியவில்லை.

அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை களைந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"மூணு வருசம் பாக்காம இருந்தேன். வந்த அன்னைக்கும் பாக்காமத்தான் அனுப்பியிருக்கேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். அவள் கடைக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. என்ன பேசினாள் என்று தெரியாது. அத்தா வீட்டுக்கு வந்து, தண்ணீர் கொடுக்கச் சொல்லித் தம்பியைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஆனால் மறுநாள் தானே ஒலவக்கோடு ஸ்டேஷனுக்குப் போய், கோட்டயம் வண்டி எப்போது என்றும், அங்கிருந்து மலைக்குப் பஸ் எப்போது என்றும் விசாரித்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார்.

முந்தாநாள் எலப்புள்ளியிலிருந்து பெரியமுத்து என்பவர் குடை பழுதுபார்க்க வந்தார். எப்போதும் வருகிறவர். "ஏனுங்க, அந்த ஏமாத்துக்கார மச்சான் கதையைச் சொல்லுங்க, கேக்கலாம்" என்றார். நான் அத்தாவுக்கு டீ கொண்டுபோயிருந்தேன்.

அத்தா குடையை விரித்தார். "ஏமாத்தினது எங்க மச்சான் இல்லீங்க" என்றார்.

"அப்ப யாருங்க?"

அத்தா கம்பிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"நான்தாங்க" என்றேன்.

பெரியமுத்து சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. அத்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "டீ ஆறுது, வெச்சுட்டுப் போ" என்றார்.

வருகிற 3-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அத்தா அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறார். மூன்று டிக்கெட் வாங்கியிருக்கிறார். உங்கள் முன் அவர் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தால், நீங்களே முதலில் பேசிவிடுங்கள். அம்மாவை அடுப்பங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் திரும்பும்வரை நாலு நாளும் என்னைக் கௌலத் அக்கா வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நானும் வரட்டுமா என்று நான் கேட்கவில்லை.

மாமிக்கு என் சலாம்.

ரம்லா